மொரித்தாவின் கடையை நானே உடைத்தேன்

இந்தச் சுவிஸ் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை போத்தல் உடைக்கக் கூடாது. ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது பகிடியாகத் தெரியும், ஆனால் சத்தியமான உண்மை. எங்கள் அட்லிஸ்வில் தெருமுனையில் மூன்று இரும்புப் பெட்டிகள் நிற்கின்றன. பச்சைப் போத்தல் ஒன்றுக்குள், மண்ணிறப் போத்தல் அடுத்ததுக்குள், வெள்ளைப் போத்தல் மூன்றாவதுக்குள். வட்ட வாய்க்குள்ளால் எறிந்தால் அடியில் போய்ச் சிதறும். கிழமை நாட்களில் பகல் முழுக்க உடைக்கலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஞாயிறு உடைத்தால் குற்றம். வந்த புதிதில், ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மறுநாள், பை நிறைய வெறும் போத்தல்களோடு போய் எறியத் தொடங்கினேன். மூன்றாவது போத்தலில் எதிர்வீட்டு யன்னல் திறந்தது. ஒரு பெண்மணி, மிகவும் பண்பாக, இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியுமா என்று கேட்டார். பாவம், மனுசிக்குக் கிழமை மறந்துபோய்விட்டதாக்கும் என்று நினைத்து, "ஞாயிறு" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நாலாவதையும் எறிந்தேன்.

அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஏன் மறைக்க வேண்டும்? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் அல்ல, கையில் இருக்கிறது. சின்ன வயதில் விளையாட்டில் தோற்றால் மட்டையை உடைப்பேன். கல்யாணம் கட்டிய பிறகு கதவை உடைத்திருக்கிறேன். அதிர்ஷ்டமோ விதியோ, எனக்கு இங்கே கிடைத்த வேலையும் உடைக்கிற வேலைதான். பழைய கட்டடங்களைத் திருத்துவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற சுவர், குளியலறை, குசினி எல்லாவற்றையும் இடித்து அள்ளுகிற ஒரு கம்பனி. கையில் சம்மட்டி, அலவாங்கு, தலையில் தொப்பி. காலையில் போய் ஒருவருடைய முப்பது வருடக் குசினியைப் பின்னேரத்துக்கிடையில் தூசாக்கிவிட்டு வருவேன். என் மனைவி சுகந்தி வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லுவாள், "உங்கட கோபத்தை வேலையிலேயே வச்சிட்டு வாங்கோ, வீட்டுக்குள்ள இடமில்லை."

2009 ஆம் ஆண்டு தொடங்கியபோது சூரிச்சில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குளியலறைகளை இடித்துக்கொண்டிருந்தோம். கீழே தெருவோரம் ஒரு கோப்பிக் கடை. ஆறு மேசை, ஒரு நீண்ட மரத்தட்டு, அதற்குப் பின்னால் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு ஜப்பான்காரர். பெயர் மொரித்தா. அப்போதே எழுபதுக்குக் கிட்ட இருக்கும். அந்த மரத்தட்டைத் தானே சீவி, தானே பொருத்தியவர். நான் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசோடு உள்ளே போனேன். சூரிச்சில் அப்படி ஒரு கடைக்குள் போனால் முதலில் சப்பாத்தைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். மொரித்தா கதிரையில் ஒரு சுத்தமான துணியை விரித்துவிட்டு, இருங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு துணி வடிக்குள் கோப்பித்தூளைப் போட்டு, கேத்திலில் இருந்து நூல் போலத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் இப்படி ஊற்றினால் கொடிகாமம் சந்தியில் மூன்று பஸ் போயிருக்கும். பொறுமை இல்லாத மனிதன் நான், ஆனால் அந்தக் கோப்பியைக் குடித்த பிறகு இன்னொன்று கேட்டேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடிக்கடி வருகிற ஆளுக்கு அலுமாரியில் இருந்து ஒரு கோப்பை ஒதுக்கிவிடுவார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பையில் வேறு ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். மூன்றாவது கிழமை எனக்கு நீலக் கரை போட்ட கோப்பை ஒன்று வந்தது. அதே மாதிரி இன்னொன்று, அதன் சோடி, அலுமாரியில் இருந்தது. எங்கள் இருவருடைய ஜேர்மன் மொழியும் கிட்டத்தட்ட ஒரே தரம், பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் தரம். ஆனபடியால் அதிகம் கதைப்பதில்லை. அந்த மாதங்களில் எனக்குக் கதை தேவையாகவும் இருக்கவில்லை. என் தம்பி குகன் கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை செய்தவன். கடைசிப் போரில் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைவரை போய்விட்டான் என்று மட்டும் தெரியும். வீட்டில் தொலைக்காட்சி, கணினி, தொலைபேசி மூன்றும் ஒரே நேரத்தில் கத்தும். சுகந்தி அழுவாள். ஊர்வலங்களுக்குப் போய்ப் பனிக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு மணித்தியாலம் ஒன்றும் கேட்காமல் இருக்கிற ஒரே இடம் மொரித்தாவின் கடை.

மே மாதம் ஒரு நாள், அந்தக் கடையில் இருக்கும்போதுதான் தொலைபேசி வந்தது. முகாமுக்குப் போய்ச் சேர்ந்த குகனின் நண்பன் ஒருவன் யாரிடமோ சொல்லி, அவர்கள் என் மச்சானிடம் சொல்லி, மச்சான் எனக்குச் சொன்னார். குகன் செல் குண்டு பட்டு விழுந்ததை அந்த நண்பன் கண்டானாம். பிறகு ஓடினானாம், திரும்பிப் பார்க்கவில்லையாம். அவ்வளவுதான் செய்தி. நான் "தம்பி, தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. மொரித்தா கேத்திலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "சகோதரன்" என்று ஜேர்மனில் சொல்லி, கையை நிலத்தை நோக்கிக் காட்டினேன். அவர் தலை குனிந்தார்.

பக்கத்து மேசையில் கண்ணாடி போட்ட ஒரு சுவிஸ்காரர் இருந்தார். அவருடைய மேசை ஒரு பக்கம் ஆடும். நானே முதல் ஒரு நாள் அதற்குக் கீழே மட்டை வைத்திருக்கிறேன். அவர் வாசித்து முடித்த பத்திரிகையை எடுத்து, அழகாக நாலாக மடித்தார். மடிப்பின் மேல்பக்கத்தில் எங்கள் கடற்கரையின் படம் இருந்தது. புகையும் தென்னைகளும். அவர் குனிந்து அதை மேசைக் காலுக்குக் கீழே செருகினார். மேசையை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருப்தியாகக் கோப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

நான் கோப்பையை அவருடைய தலைக்கு எறிந்தேன். முழுக் கையையும் வீசி எறிந்தேன். அந்த மனிதர் செத்தால் நல்லது என்ற நினைப்போடுதான் எறிந்தேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பிறகு கதிரையைத் தூக்கியதும், மரத்தட்டில் அடித்ததும், தொண்டையால் என்னவோ மாதிரி ஒரு சத்தம் வந்ததும் ஞாபகம். கோப்பை அந்த மனிதரில் படவில்லை. மொரித்தா நடுவில் நின்றார். அவருடைய இடது புருவம் பிளந்து வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். கோப்பை அவரை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதித் தூளாகி, சுவரில் பெருவிரல் புதைகிற அளவு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. யாரோ பொலிசுக்குத் தொலைபேசி அடித்துவிட்டார்கள். அப்போது எனக்குத் தற்காலிக அனுமதி அட்டை. ஒரு அடிபிடி வழக்குப் பதிந்தால் அதுவும் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மொரித்தா புருவத்தில் துணியை அழுத்திப் பிடித்தபடி அவர்களோடு வெளியே நின்று நீண்ட நேரம் கதைத்தார். அவர்கள் உள்ளே வந்து என்னைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், என் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். தான் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. மூன்று கிழமை அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு போனேன். மொரித்தா கதிரையில் அதே துணியை விரித்தார். ஆனால் கோப்பி வெறும் வெள்ளைக் கோப்பையில் வந்தது. நீலக் கரைக் கோப்பையின் சோடி அலுமாரியில் முன்வரிசையில் இருந்தது, எனக்குத் தரவில்லை. அதுவும் போதாதென்று, எனக்கென்று அவர் காட்டிய கதிரை சுவரில் இருந்த பள்ளத்துக்கு நேரே எதிரில். அவர் அந்தப் பள்ளத்தைப் பூசவும் இல்லை, மேலே ஒரு படம் கொழுவி மறைக்கவும் இல்லை. சரி, இது எனக்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் போய் அந்தத் தண்டனையை அனுபவித்தேன். அவருடைய புருவத்தில் தையல் போட்ட இடத்தில் பிறகு மயிர் முளைக்கவே இல்லை. ஒவ்வொரு சனியும் "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்ற சொல் நாக்கு நுனிவரை வரும், கோப்பியோடு உள்ளே போய்விடும்.

அந்தப் பத்து வருடத்தில் எனக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது, ஒரு மகள் பிறந்தாள், இரண்டு முறை ஊருக்கும் போய் வந்தேன். அம்மா குகனின் படத்துக்கு மாலை போடவில்லை. போட விடவும் இல்லை. காணாமல்போன பிள்ளைகளின் தாய்மாரோடு வீதியோரத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு வெய்யிலில் இருக்கிறார். ஐயர், அந்தியேட்டி, திவசம் என்று யாராவது வாயெடுத்தால் விளக்குமாறு தூக்குவார். குசினித் தட்டில் குகனின் சோற்றுக் கோப்பை இன்னும் இருக்கிறது. "கண்டவன் செத்ததைக் கண்டவனோ? விழுந்ததைத்தானே கண்டவன். விழுந்தவன் எழும்பமாட்டானோ?" என்று அம்மா கேட்பார்.

பிறகு ஒரு வசந்த காலத்தில் மொரித்தாவுக்குக் கட்டடச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. முழுக் கட்டடத்தையும் திருத்தப் போகிறார்கள், கடையை விட வேண்டும். அவர் சண்டை பிடிக்கவில்லை. வயது எண்பதைத் தொட்டுவிட்டது, ஜப்பானில் வடக்குப் பக்கம் ஒரு தங்கை இருக்கிறார், அங்கே போய்விடுகிறேன் என்றார். எனக்குத்தான் இரத்தம் கொதித்தது. கொதிப்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. இங்கே ஒரு சட்டம், நீங்கள் வாடகைக்கு எடுத்த இடத்தை எடுத்தபோது இருந்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மரத்தட்டு, அலுமாரி, அவர் பதித்த தளம் எல்லாவற்றையும் கழற்றி அள்ளி, ஆணித் துவாரம் அடைத்து, 'பேசன்ரைன்', அதாவது விளக்குமாற்றால் கூட்டிச் சுத்தமாக, ஒப்படைக்க வேண்டும். எப்படியும் அடுத்த மாதம் அவர்கள் சுவரையே இடிக்கப் போகிறார்கள். இடிக்கப் போகிற சுவரில் ஆணித் துவாரம் அடைக்கிற நாடு இது. பைத்தியமா இவர்களுக்கு என்று மேசையில் குத்தினேன். மொரித்தா வெள்ளைக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார், "நீங்கள் செய்யுங்கள். நீங்கள் நன்றாக உடைப்பீர்கள்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து வருடம் கழித்து மனிதர் பழியைத் தீர்க்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொல்லிக் குமுறினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீங்கள் எறிஞ்சது மட்டும் சரி, அவர் சொன்னது பிழையோ? போய் உடைச்சுக் குடுங்கோ," என்றாள்.

மூன்று நாள் லீவு எடுத்து, கம்பனியில் சம்மட்டியும் அலவாங்கும் வாங்கிக்கொண்டு போனேன். வியாழன் தொடங்கினேன். அலுமாரிகள் முதல் போயின. அலவாங்கைச் செருகி நெம்பினால் ஆணிகள் கீச்சிட்டுக்கொண்டு வரும். நிலத்தை உடைக்கும்போது சில்லுகள் முகத்தில் தெறித்தன, கன்னத்தில் இரத்தம் வந்தது, துடைக்கவில்லை. மரத்தட்டைக் கழற்றத்தான் பார்த்தேன். கழலவில்லை. மொரித்தா ஆணியே இல்லாமல் மரத்துக்குள் மரத்தைக் கோத்துச் செய்திருந்தார். ஒன்றை இழுத்தால் மற்றது இன்னும் இறுகும். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை போராடிவிட்டு, அவரைப் பார்த்தேன். அவர் மூலையில் இருந்த கடைசிக் கதிரையில் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருந்தார். "அடியுங்கள்," என்றார். சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கி நடுவில் இறக்கினேன். ஒரு வெடிச்சத்தம். மரம் பிளக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். கட்டடக்காரரை அடித்தேன், பத்திரிகை மடித்தவரை அடித்தேன், செல் அடித்தவர்களை அடித்தேன், திரும்பிப் பார்க்காமல் ஓடிய நண்பனை அடித்தேன், தம்பி அங்கே நிற்க இங்கே வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த என்னை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. தட்டு இரண்டாகி விழுந்தபோது என் உள்ளங்கைத் தோல் சம்மட்டிப் பிடியோடு ஒட்டியிருந்தது. மொரித்தா எழுந்து வந்து, பிளந்த மரத்தின் உள்பக்கத்தை முகர்ந்து பார்த்தார். நாற்பது வருடம் கழித்தும் மரம் மணக்கிறது என்றார்.

சனிக்கிழமை மிச்சத்தை இடித்து, வான் வண்டியில் ஏற்றி அனுப்பினோம். ஞாயிறு சத்தம் போடக் கூடாத நாள், ஆகவே கூட்டுகிற வேலையும் அடைக்கிற வேலையும். மொரித்தா விளக்குமாறு எடுத்தார். நான் சாந்து குழைத்து ஆணித் துவாரங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்து, கடைசியில் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்றேன். கை போகவில்லை. பின்னால் கூட்டுகிற சத்தம் நின்றது.

"அன்றைக்குப் பொலிசுக்கு நான் என்ன சொன்னேன் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"வழுக்கி விழுந்தீர்கள் என்று."

"இல்லை. இவருடைய தம்பி இறந்துவிட்டார் என்று சொன்னேன். எங்கள் ஊரில் பிணம் வீட்டை விட்டுப் போகும்போது, செத்தவரின் சோற்றுக் கோப்பையை வாசலில் போட்டு உடைப்போம். அவர் திரும்பி வராமல் நிம்மதியாகப் போக வேண்டும் என்று. இவர்களுக்கும் அதே வழக்கம், நான்தான் தெரியாமல் குறுக்கே நின்றுவிட்டேன் என்று சொன்னேன்."

"அவர்கள் நம்பினார்களா?"

"எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆசியாக்காரர் எல்லாரும் ஒன்று என்று நினைத்திருப்பார்கள். உங்களுக்கு அப்படி வழக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது."

இருக்கிறது என்று சொன்னேன். சுடலையில் தோளில் குடத்தை வைத்துக்கொண்டு சுற்றி வருவோம், துவாரத்தால் தண்ணீர் ஒழுகும், கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வர வேண்டும். இதை எங்கள் ஜேர்மனில் சொல்ல நெடுநேரம் எடுத்தது. அவர் தலையாட்டிக் கேட்டார். சாந்து கையிலேயே காயத் தொடங்கியது. இனியும் விழுங்க முடியாது என்று தோன்றியது.

"ஆனால் அன்றைக்கு நான் செய்தது சடங்கு இல்லை," என்றேன். "அந்த மனிதனின் தலைக்குத்தான் எறிந்தேன். கொல்ல நினைத்துத்தான் எறிந்தேன்."

"தெரியும்," என்றார் மொரித்தா. "அதனால்தான் குறுக்கே வந்தேன்."

அவர் தன்னுடைய கைப்பையைத் திறந்து, பத்திரிகையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். நீலக் கரைக் கோப்பை. பத்து வருடமாக எனக்குத் தராத சோடி. "அப்படியென்றால் உங்கள் தம்பிக்கு இன்னும் ஒன்றும் உடைக்கவில்லை," என்றார். "இது அவருடையது. அதனால்தான் உங்களுக்குத் தரவில்லை." இரண்டு கைகளாலும் நீட்டினார். எந்தச் சுவரும் எனக்கு ஒரு பொருட்டில்லை என்று இவ்வளவு நேரமும் சவடால் அடித்தேனே, அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் வாசலுக்குப் போனேன். உடைத்தால் குகன் திரும்பி வர மாட்டான். உடைக்கத் தாய் உத்தரவு தரவில்லை. மூத்தவன் நான், கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவனும் நான்தான், ஆனால் வீதியோரத்தில் படத்தோடு குந்தியிருக்கிற கிழவியை மீறி இங்கே ஒருவன் அவனைச் சாகடிக்கலாமா? எவ்வளவு நேரம் வாசலில் நின்றேனோ தெரியாது. மொரித்தா அவசரப்படுத்தவில்லை. மெதுவாக ஊற்றத் தெரிந்த மனிதர். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் குகன் என் சைக்கிள் பின்னால் இருந்து இடுப்பைக் கட்டிப் பிடிக்கிற பிடி ஞாபகம் வந்தது. போடா தம்பி, இறங்கிப் போ, என்று சொல்லி வாசற்கல்லில் அடித்து உடைத்தேன்.

மேலே ஒரு யன்னல் திறந்தது. "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை!" என்று ஒரு ஆண் குரல் அதட்டியது. வழக்கமாக நான் திருப்பி ஏதாவது கத்துவேன். மொரித்தா தெருவில் இறங்கி, யன்னலை நோக்கி, இடுப்புவரை வளைந்து வணங்கினார். யன்னல் பேசாமல் மூடிக்கொண்டது. அவர் நிமிர்ந்தபோது நான் அவருக்கு முன்னால் அதே மாதிரி வளைந்து நின்றேன். அழுகையில் மூக்கு ஒழுகியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன், தமிழிலும் சொன்னேன். அவர் விளக்குமாற்றை என் கையில் தந்து, இனிப் பின்னால் பார்க்காமல் கூட்டுங்கள் என்றார். துண்டுகளைக் கூட்டி அள்ளினேன். பள்ளத்தை அடைத்துத் தேய்த்தேன்.

திங்கள் காலை அதற்கு மேல் வெள்ளை அடித்து முடிக்கிறபோது கட்டடக்காரரின் ஆள் பட்டியலோடு வந்தார். சுவர்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். அந்த இடத்தையும் தடவினார், கை நிற்கவில்லை. எல்லாம் பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார். மொரித்தா சாவியைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறிப் போனார். வழியனுப்பப் போனவனுக்கு அவர் கையசைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்கு அது விளங்கியது.

அன்று பின்னேரம் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. மழை பெய்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா என்று எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தம்பியைப் பற்றி ஏதும் அறிஞ்சனியோ?"

"இல்லையம்மா. இன்னும் ஒண்டும் அறியேல்லை."

"வருவான். இண்டைக்கும் அவன்ர கோப்பையைக் கழுவிக் கவிட்டு வச்சனான்."

உள்ளங்கையில் சம்மட்டி உரித்த இடம் தொலைபேசியில் பட்டு எரிந்தது.

"ஓம் அம்மா," என்றேன். "வையுங்கோ."